மூன்றாவது சாவி

ஊரில் யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் போய்த் திறந்துவிடுகிற ஆள், சொந்த மகன் வீட்டு வாசலில் மட்டும் ஏன் மணியை அடித்துவிட்டு விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்கிறார்? மகன் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது என்பதால் ஒருமுறை என்னிடமே இதைக் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற பொந்து. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் வரிசை வரிசையாகத் தொங்கும். நடுவில் சாவி வெட்டுகிற மெஷின். ஒரு பக்கம் அசல் சாவியைக் கவ்வ வைத்து, மறுபக்கம் வெட்டாத சாவியைக் கவ்வ வைத்தால் நாலு நிமிஷத்தில் நகல் தயார். பக்கத்துக் கடை தையல்காரருடையது. இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள்.

சாவிக்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரரோ, குடியிருப்பவரோ பக்கத்தில் வந்து நிற்காமல் அந்த வீட்டுக்குச் சாவி வெட்டமாட்டார். ஒருமுறை ஒருத்தன் குளியல் சோப்பில் ஒரு சாவியின் அச்சை அழுத்தி எடுத்துக்கொண்டு வந்து, இதைப் பார்த்து ஒன்று வெட்டிக் கொடுங்கள் என்று இளித்தான். சாவிக்காரர் அந்தச் சோப்பை வாங்கித் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, போய்க் குளி என்று அனுப்பிவிட்டார். தையல்காரர் இதை வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி இறந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. அவர் வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, சமையலறையை ஒட்டி ஒரு சின்ன பால்கனி. அங்கேதான் வாஷிங் மெஷின் நிற்கிறது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. மனைவி ஆசைப்பட்டு வாங்கியது, அவள் இருந்தவரை வேறு யாரையும் தொட விட்டதில்லை. அவளுக்குப் பிறகு அதில் இருக்கிற பதினோரு பட்டன்களில் ஒன்றே ஒன்றை மட்டும் சாவிக்காரர் கற்றுக்கொண்டார். துணியைப் போடு, சோப்புத்தூளைப் போடு, அமுக்கு. அது சுற்றுகிற நேரத்தில் மட்டும் வீட்டில் யாரோ வேலை செய்துகொண்டிருப்பது போல ஒரு சத்தம் இருக்கும். அதற்காகவே இரண்டு சட்டையும் ஒரு துண்டும் சேர்ந்ததும் போட்டுவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகன் தனிக்குடித்தனம் போனான். சண்டை ஒன்றுமில்லை. மருமகளின் வேலை ஊரின் அந்தக் கோடியில், அவ்வளவுதான். பால் காய்ச்சிய அன்று மகன் ஒரு சாவியை அவர் கையில் வைத்து, வீட்டுக்கு மொத்தம் மூன்று சாவி, ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு, மூன்றாவது இது என்று சொன்னான்.

"மணியெல்லாம் அடிக்காதீங்கப்பா. உங்க பாட்டுக்குத் திறந்துட்டு வாங்க."

சாவிக்காரர் ஆயிரக்கணக்கான சாவிகளைப் பார்த்தவர். ஆனால் அவருக்கென்று ஒருவர் கொடுத்த சாவி அதுதான் முதல். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அதன் வெட்டுகளை விரலால் படித்தார். ஐந்து வெட்டு. மூன்றாவது ஆழம், நாலாவது இருக்கிற இடமே தெரியாது.

நாலு நாள் கழித்து அதைக் காணவில்லை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். பீரோ, மேஜை, டிரங்குப் பெட்டி என்று பூட்டு உள்ள எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். கடையில் தொங்கிய சாவிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். பஸ் டிப்போவில் போய்க் கேட்டார். அங்கே இருந்தவர் இவரை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்களே சாவியைத் தொலைச்சா நாங்கெல்லாம் எங்கே போறது?" என்று சிரித்தார். சும்மா சொன்ன வார்த்தைதான். ஆனால் அது முள் மாதிரி குத்தி உள்ளேயே தங்கிவிட்டது. மகனிடம் சொன்னால் அவனும் இப்படித்தான் சிரிப்பான். மருமகள் தன் அம்மாவிடம் சொல்வாள். சொல்லவில்லை.

அடுத்த வாரம் மகன் வீட்டுக்குப் போனபோது மணி அடித்தார். மகன் கதவைத் திறந்து, சாவி இருக்கிறதே என்று கேட்டான். இருக்கிறது, வீட்டில் இருக்கிறது என்றார். அதற்கடுத்த தடவையும் மணி. அதற்கடுத்த தடவையும். மூன்றாம் தடவைக்குப் பிறகு மகன் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் சாவிக்காரருக்கு இன்னும் வலித்தது.

ஒருநாள் மருமகள் அவருக்கு டீ போட உள்ளே போனாள். அவளுடைய சாவிக்கொத்து மேஜைமேல் கிடந்தது. கைகழுவும் இடத்தில் ஈரமாக ஒரு சோப்பு இருந்தது. அரை நிமிஷ வேலை. சாவிக்காரரின் கை கொத்துவரைக்கும் போனது. வாளியில் போட்ட அந்தச் சோப்பு ஞாபகம் வந்தது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருமகள் டீயோடு வந்து, "குளிருதா மாமா?" என்று கேட்டாள்.

மணியை அடித்துவிட்டு நிற்கிறவரை எத்தனை நாளைக்குத்தான் சொந்தமாக நினைப்பார்கள். பேச்சு குறைந்தது. வாரம் ஒருமுறை போனவர் மாதம் ஒருமுறை என்று ஆனார். போனாலும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இப்படியே இரண்டு வருஷம். பிறகு ஒரு புதன்கிழமை மகன் போன் செய்தான். வேறு ஊருக்கு வேலை மாற்றல். ரயிலில் எட்டு மணி நேரம். போன வாரமே போய் அங்கே வீடு பார்த்துச் சாவியும் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை மதியம் லாரி வருகிறது. இதையெல்லாம் அவன் செய்தி வாசிப்பது போலச் சொன்னான். கடைசியில், வீட்டுக்காரர் மூன்று சாவியையும் எண்ணித்தான் வாங்குவார், அப்பாவிடம் இருப்பதை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்றான்.

"இருக்குல்லப்பா?"

"இருக்கு" என்றார் சாவிக்காரர்.

போனை வைத்தபிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாவி போனது பெரிதில்லை. பூட்டையே மாற்றிக் கொடுத்துவிடலாம், அவருக்கு அது ஒரு வேலையா? இரண்டு வருஷமாகக் காப்பாற்றி வந்த 'இருக்கு' இருக்கிறதே, அதை எப்படி மாற்றுவது? மகன் ஊரைவிட்டுப் போகிற நேரத்தில், அப்பா பொய்க்காரர் என்ற எண்ணத்தோடுதான் போகப்போகிறான்.

மறுநாள் தையல்காரர் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார். காலையில் கடை திறந்ததும், சாவி வெட்ட வந்த ஒரு அம்மா சாவிக்காரரிடம் சாவியை நீட்டிவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றதை அவர் பார்த்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க சட்டை நாறுது."

"துவைச்சுப் போட்ட சட்டைடா இது."

"அதைத்தான் சொல்றேன். துவைக்காமப் போட்டிருந்தா இவ்வளவு நாறாது. மெஷினைக் கழுவுங்க."

"துணி கழுவுற மெஷினை எவன்டா கழுவுவான்? நாளைக்குச் சோப்பைக் குளிப்பாட்டச் சொல்லுவே."

ஆனால் சொன்னது உறைத்தது. போன தடவை மகன் வீட்டிலிருந்து இறங்கும்போது, அவர் படிக்கட்டு தாண்டுவதற்குள் மேலே ஜன்னல்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. காற்றுக்காக என்றுதான் நினைத்திருந்தார். சாவி இல்லாமல் போய் நிற்கப்போவது நிச்சயம். நாற்றத்தோடாவது போய் நிற்க வேண்டாம்.

தையல்காரர் வீட்டில் மாதம் ஒருமுறை மெஷினைக் கழுவுவது வழக்கமாம். அளவு எழுதும் துண்டுச் சீட்டின் பின்புறத்தில், இடுப்பளவு தோள் அளவு எழுதுகிற மாதிரியே எழுதிக் கொடுத்தார். வினிகர் இரண்டு டம்ளர். சோடா உப்பு அரை டம்ளர். பழைய டூத் பிரஷ். வெந்நீர். வினிகரையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது, பொங்கி அடங்கி இரண்டும் வீணாகிவிடும். முதல் சுற்றுக்கு ஒன்று, அடுத்த சுற்றுக்கு இன்னொன்று. ப்ளீச்சை மட்டும் வினிகர் இருக்கிற பக்கம் கொண்டுபோகவே கூடாது, அந்தப் புகை மூச்சை அடைத்துவிடும் என்று இரண்டு கோடு போட்டுச் சொன்னார். சீட்டின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. சாவிக்காரர் சீட்டை மடித்துப் பையில் வைத்தபோது அது மடிப்புக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை கடையை மதியமே மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். நாலு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது.

முதலில் சோப்புத்தூள் போடுகிற டிராயரை வெளியே இழுத்தார். அது வருவேனா என்றது. உள்ளே கருப்பாகப் பூஞ்சை, அதன்மேல் கெட்டிப்பட்ட சோப்பு. துணி நாறுகிறது என்று தூளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி. கரையாத சோப்பெல்லாம் இங்கே பாறையாகி உட்கார்ந்திருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தார்.

அடுத்தது கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர். அதன் மடிப்பை விரலால் பிரித்ததும் எழும்பிய வாடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். டூத் பிரஷை வினிகரில் தோய்த்துத் தேய்த்தார். பூட்டுக்குள் துருவைச் சுரண்டுகிற கை அல்லவா, ஒரு இடுக்கை விடவில்லை. மடிப்பின் அடியிலிருந்து ஒரு பட்டன் வந்தது. நூலும் முடியும் கலந்த ஒரு உருண்டை வந்தது. பிறகு ஒரு கொண்டை ஊசி வந்தது.

கொண்டை ஊசி துருப்பிடித்திருந்தது. அந்த வீட்டில் கொண்டை ஊசி குத்துகிறவர் இப்போது யாருமில்லை. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். ஜன்னல் திட்டில் வைத்தார். பிறகு காற்றில் விழுந்துவிடுமோ என்று எடுத்து, தீப்பெட்டிக்குள் வைத்தார்.

இரண்டு டம்ளர் வினிகரை உள்ளே ஊற்றி, கதவைச் சாத்தி, பதினோரு பட்டன்களில் அதிகச் சூட்டுக்கு உரியது எது என்று கண்டுபிடித்து அமுக்கினார். உள்ளே துணி இல்லை. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் தண்ணீர் எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஒன்றுமே இல்லாமல் இப்படிச் சுற்றிக்கொண்டிருப்பது அவருக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது சுற்றுக்குச் சோடா உப்பு. நன்றாகத்தான் ஓடியது. முடிகிற நேரத்தில் மெஷின் நின்று கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்தது. தண்ணீர் வடியவில்லை. கண்ணாடியின் பாதிவரை அழுக்குத் தண்ணீர் நின்றது. ஊறிப் பெயர்ந்த அழுக்கெல்லாம் போய் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினார். நன்றாக இருந்த மெஷினையும் கெடுத்தாயிற்று, அவள் இருந்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். தையல்காரரைத் திட்டலாம் என்று சீட்டை எடுத்துப் பிரித்தார். அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது.

'அடியில் வலப்பக்கம் சின்னக் கதவு. உள்ளே மூடி. அதுதான் வடிகட்டி. முதலில் அதைச் சுத்தம் பண்ணவும்.'

முதலில் பண்ண வேண்டியதைக் கடைசியில் எழுதியிருக்கிறான் பாவி.

தண்ணீர் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். இருந்தது. கையகலக் கதவு. பூட்டு இல்லை, துவாரம் இல்லை, நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டது. பூட்டு இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேடிய ஆளுக்கு, பூட்டில்லாத ஒரு கதவு தன் வீட்டிலேயே இருப்பது தெரியாமல் போய்விட்டது.

அடியில் தட்டை வைத்து மூடியைத் திருகினார். தட்டு ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. தண்ணீர் பால்கனியை நிரப்பிச் சமையலறைக்குள் ஓடியது. மூடியோடு ஒரு அழுக்குக் கட்டி, எலிக்குஞ்சு மாதிரி, வழுக்கிக்கொண்டு வந்து கையில் விழுந்தது. தூக்கி எறியப் போனவர் நிறுத்தினார். உள்ளே கெட்டியாக ஏதோ உறுத்தியது.

பிரித்துப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. கட்டைவிரலை அழுக்குக்குள் விட்டுத் தடவினார். ஐந்து வெட்டு. மூன்றாவது ஆழம். நாலாவது இருக்கிற இடமே தெரியவில்லை.

"கெடச்சிருச்சு" என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

வீட்டில் யாருமில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்க ஆளில்லாததால், சந்தோஷம் எவ்வளவு சீக்கிரம் வந்ததோ அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டது. கிடைத்ததுதான். நாளைக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கிடைத்திருக்கிறது.

தரையைத் துடைத்தார். மிச்சமிருந்த வினிகரில் சாவியை ஊறப்போட்டு, அதே டூத் பிரஷால் தேய்த்தார். பளபளப்பு வரவில்லை. மேல்பூச்சு உரிந்து, அங்கங்கே செம்பு நிறம் தெரிந்தது. பிறகு வடிகட்டியைக் கழுவி மாட்டி, நாளைக்குப் போட வேண்டிய சட்டையை ஒரே ஒரு கரண்டி தூளில் துவைத்து எடுத்தார். முகர்ந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. அதுதான் சுத்தம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டு வாசலில் நின்றபோது, விரல் தன்னால் மணிக்குப் போனது. இறக்கிக்கொண்டார். பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் விட்டார். கொஞ்சம் முரண்டு பிடித்தது. எந்தப் பூட்டு எப்படிக் கொஞ்சினால் இறங்கும் என்று தெரிந்தவர், லேசாகத் தூக்கித் திருப்பினார். கதவு திறந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். மகன் தரையில் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து மருமகள் வந்தாள்.

"மணி கேக்கலையே மாமா?"

"அடிக்கலம்மா. சாவி இருக்கே."

ஒரு பெட்டியின்மேல் சாவியை வைத்தார். மகன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆற்றில் கிடந்ததை எடுத்த மாதிரி இருக்கிறதே, என்ன ஆயிற்று என்று கேட்டான்.

இங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பழைய சாவி, கறுத்துவிட்டது என்றால் முடிந்தது. சாவி கையில் வந்துவிட்டது, குட்டு வெளிப்படாது. ஆனால் அந்தச் சாவியைப் பொய்யோடு கொடுத்துவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

"மெஷின்ல கெடந்துச்சு. சட்டையோட போட்டுட்டேன் போல. கொடுத்த நாலாம் நாளே தொலைஞ்சு போச்சு. நேத்துதான் கெடச்சுது."

மகன் சாவியை விரலால் தடவினான். மருமகள்தான் பேசினாள்.

"நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா மாமா? எங்க வீட்டை உங்க வீடா நினைக்கப் பிடிக்கலைன்னு. அதனாலதான் வேணும்னே மணி அடிக்கிறீங்கன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் மகன். "இன்னொண்ணு வெட்டிக்கோங்கன்னு கொடுத்திருப்பேனே."

"சாவிக்காரன் சாவியைத் தொலைச்சிட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அது. அது வரவேயில்லை என்பதுதான் அவரை என்னவோ செய்தது. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அன்று நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டிகளுக்கு நடுவில் டீ குடித்தார். கிளம்பும்போது வாசலில் நின்றார். போகவில்லை. செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார்.

"அந்த ஊரு வீட்டுச் சாவி எத்தனை?"

"ரெண்டுதான்ப்பா."

"எனக்கொண்ணு வேணும்" என்றார்.

இரண்டு வருஷமாக வராத வார்த்தை. மகன் உடனே உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து நீட்டினான். சாவிக்காரர் வாங்கவில்லை. குடியிருக்கிறவர் பக்கத்தில் நிற்காமல் நான் வெட்டுவதில்லை, உனக்குத் தெரியாதா என்றார்.

திங்கட்கிழமை காலை மகன் கடைக்கு வந்தான். சின்ன வயதுக்குப் பிறகு அந்தப் பொந்துக்குள் அவன் நுழைந்ததில்லை. குனிந்து, அப்பாவின் தோளை ஒட்டி நின்றான். சாவிக்காரர் சுவரிலிருந்து ஒரு வெட்டாத சாவியை எடுத்தார், வேண்டாமென்று மாட்டிவிட்டு வேறொன்றை எடுத்தார். மெஷினில் கவ்வ வைத்தார், கழற்றினார், துடைத்து மறுபடி வைத்தார். வெட்டிய பிறகு அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். நாலு நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மகன் அவசரப்படுத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தமும் நின்றிருந்தது.

மதியம் லாரி போய்விட்டது.

இப்போதும் சாவிக்காரர் தனியாகத்தான் இருக்கிறார். அந்தச் சாவி சமையலறைச் சுவரில், தீப்பெட்டி வைத்திருக்கிற அலமாரிக்கு மேலே, தனி ஆணியில் தொங்குகிறது. இதுவரை அதை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. எட்டு மணி நேரப் பயணம், கடை, முதுகுவலி என்று ஏதோ ஒன்று. போகாவிட்டாலும் சாவி இருக்கிறது. யாராவது கேட்டால் 'இருக்கு' என்று சொல்லலாம். மாதம் ஒருமுறை மெஷினுக்கு வினிகர், அடுத்த சுற்றுக்குச் சோடா உப்பு, அதற்கும் முன்னால் அடிக்கதவு. துவைத்து முடிந்ததும் உள்ளே காற்றுப் போகட்டும் என்று வட்டக் கதவை ஒருக்களித்துத் திறந்தே வைக்கிறார். இந்தக் கதையின் பாதி அவரே சொன்னது, மீதியைத் தையல்காரர் சொன்னார்.

அன்று என்னிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதைப் படித்த நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். எதையோ தொலைத்துவிட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, யார் வீட்டு வாசலிலாவது மணியை அடித்துவிட்டு நிற்கிற ஒருவர் உங்களுக்கும் தெரிந்திருப்பார். அவருக்கு இதைச் சொல்லுங்கள். அவர் மணி அடிக்கிற வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.